ஐந்து பரப்புக்கு ஒரு சம்மதம்

நவமணி மூன்று நாளாகத் தன் புருஷனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பாடம் சின்னது. இரண்டே சொல்.

"இஞ்சருங்கோ, நொத்தாரிசு கனகரத்தினம் வந்து, 'உங்கடை மனிசி காணியை விக்கிறதுக்குச் சம்மதமோ' எண்டு கேப்பார். நீங்கள் என்ன சொல்லவேணும்?"

"என்ன சொல்லவேணும்?"

"பூரண சம்மதம்."

"பூரண சம்மதம்," என்றார் ஐசாக். சொல்லிவிட்டுப் பிஸ்கற்றுக்குக் கையை நீட்டினார்.

முப்பத்தொரு வருஷம் கோப்பாய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள் நவமணி. பிஸ்கற் கொடுத்துப் படிப்பிக்கிற நிலைமைக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் இந்த மாணவனுக்கு எண்பத்தொரு வயது. காலையில் படித்ததை மத்தியானம் மறந்துவிடுவார். மறக்காவிட்டால் எல்லாவற்றுக்கும் அதையே சொல்லுவார். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்றாலும் பூரண சம்மதம், கழுவிவிடவா என்றாலும் பூரண சம்மதம். இரண்டாம் நாள் பின்னேரம் பக்கத்து வீட்டு நாய் குரைத்ததற்கும் சம்மதம் கொடுத்தார்.

அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள் உதயகலா. ஐசாக்கைத் தூக்குகிறவள், கழுவுகிறவள், ஊட்டுகிறவள், பம்பஸ் மாற்றுகிறவள். புத்தூர்க்காரி, புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள் அவளுடைய தாயோடு ஊரில் நிற்கிறார்கள். இரண்டரை வருஷமாகக் கிழமையில் ஆறு நாள் இந்த வீட்டோடு இருக்கிறாள். மாதம் ஐம்பதாயிரம். இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலியில், கம்பஸ் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விடுகிற ஒரு மாடிவீட்டுக்காரர் தன் தாயைப் பார்க்க ஆள் தேடுகிறார். எண்பதாயிரம் தருவாராம். அந்தத் தாய் நாற்பத்திரண்டு கிலோ. ஐசாக் எழுபத்தெட்டு.

"அன்ரி, எனக்கும் நாரி ஒண்டுதான் இருக்கு," என்று உதயகலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேரே சொல்லியிருந்தாள். "மாசக் கடைசிமட்டும் பொறுக்கிறன். பிறகு போனா, சொல்லிப்போட்டுத்தான் போவன்."

அவள் போனால் என்ன நடக்கும் என்பதை நவமணி ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டாள். ஞாயிறு உதயகலாவுக்கு லீவு. கட்டிலுக்கும் கதிரைக்கும் நடுவில் ஐசாக் வழுக்கி நிலத்தில் இருந்துவிட்டார். நவமணிக்கு எழுபத்துநாலு வயது. அவள் இழுத்துப் பார்த்தாள், முட்டுக் கொடுத்துப் பார்த்தாள், கடைசியில் தானும் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். தேவாலயத்தில் ஆராதனை முடிந்து சனம் ஒழுங்கையால் வரும்வரை இரண்டு மணித்தியாலம் அப்படியே இருந்தார்கள். ஐசாக் அவ்வளவு நேரமும் நல்ல சந்தோஷமாக இருந்தார். தன்னைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ சுற்றுலா வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

ரொறன்ரோவில் இருக்கும் மகள் ஜொய்சிக்கு இதற்கு ஒரு வழி தெரிந்திருந்தது. அப்பாவை ஒரு முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு அம்மா கனடாவுக்கு வந்துவிடலாம். நவமணி போய் இல்லத்தைப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐசாக் ராத்திரியில் இரண்டு தரம் விழித்து "மணி, மணி" என்று கூப்பிடுவார். பக்கத்தில் வந்து நிற்கிறவளை யாரென்று தெரியாது, ஆனாலும் வந்து நின்றால் நித்திரையாகிவிடுவார். அந்த இல்லத்தில் யாரை வந்து நிற்கச் சொல்வது? அதனால் அவள் அந்த வழியை மடித்து வைத்துவிட்டு, காணியை விற்கிற வழியை எடுத்தாள்.

காணி என்றால் ஒரே ஒரு காணிதான் மிச்சம். பெரியகடையில் ஐசாக் நாற்பது வருஷம் நடத்திய இரும்புக்கடை, ஜொய்சியின் கலியாணத்தோடும் அவளுடைய பிரயாணத்தோடும் போய்விட்டது. இருக்கிற வீட்டையும் சீவிய உருத்து வைத்து ஜொய்சிக்கே சீதனமாக எழுதியாயிற்று. சீவிய உருத்து என்றால், சீவன் இருக்கும்வரை குடியிருக்கலாம், விற்கமுடியாது. சொந்த வீட்டிலேயே வாடகை இல்லாத குடித்தனம். நம்முடைய சனத்துக்கு இது ஒரு வியாதி. அறுபது வயதில் எல்லாவற்றையும் பிள்ளைகளின் பேருக்கு மாற்றி, "இனி எங்களுக்கென்ன" என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். எண்பது வயதில் அந்தக் கேள்விக்கு மாதாமாதம் பதில் வரும்.

மிச்சமிருந்தது புத்தூரில் ஐந்து பரப்புத் தோட்டக் காணி. நவமணியின் தகப்பன் அவளுக்குக் கொடுத்த சீதனம். அவளுடைய பேரில்தான் உறுதிப் பத்திரம். ஆனால் தேசவழமைச் சட்டப்படி யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குக் கலியாணத்தோடு காணி வரும். காணியோடு புருஷனின் கையொப்பமும் சேர்ந்து வரும். அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தன் சொந்தக் காணியில் ஒரு சாணும் அவள் விற்கமுடியாது. அதற்குத்தான் மூன்று நாள் பாடமும் ஒன்றரைப் பெட்டி பிஸ்கற்றும்.

புதன்கிழமை பத்தரைக்கு, காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு கனகரத்தினம் வந்தார். கூட ஒரு கிளாக்கர். பின்னாலே காணி வாங்குகிற கஜானன், புத்தூரில் வெங்காயம் மொத்தமாக வாங்கி விற்கிறவன். கையில் இரண்டு போன், வாயில் ஒரு விலை. உதயகலா ஐசாக்குக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சேட் போட்டு, கதிரையிலிருந்து சரியாமல் துவாயால் கட்டி, கட்டுத் தெரியாமல் மேலே ஒரு சால்வையும் போட்டிருந்தாள். பார்த்தால் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்தவர் மாதிரி இருந்தார்.

"ஐசாக் அண்ணை, என்னைத் தெரியுதோ?" என்று கேட்டார் கனகரத்தினம்.

"தெரியாமல் என்ன. நீர் முந்தி நல்லாய் மெலிஞ்சிருந்தனீர்."

யாருக்குச் சொன்னாலும் பொருந்துகிற பதில். கடைக்கு வந்த பாதிப் பேரை ஐசாக் அப்படித்தான் சமாளித்தவர் என்று நவமணிக்குத் தெரியும். கனகரத்தினத்துக்குத் தெரியாது. வயிற்றைத் தடவிக்கொண்டு, சந்தோஷமாக உறுதியை வாசிக்கத் தொடங்கினார். வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, கிணற்றில் பங்கு, வாய்க்காலில் பங்கு. ஐசாக் முகட்டில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பரப்பு ஒன்றுக்கு எட்டு இலட்சம் ரூபாய்ப்படி" என்ற இடம் வந்ததும் தலை திரும்பியது.

"எவ்வளவு?"

"எட்டு, அண்ணை."

"ஆர் கேக்கிறது?"

கஜானன் கதிரை நுனிக்கு வந்தான். "நான்தான் ஐயா."

"தம்பி எந்த ஊர்?"

"புத்தூர்."

"புத்தூரார் மடியிலை காசை வைச்சுக்கொண்டுதான் இல்லையெண்டு அழுவினம். எட்டுக்குத் தரேலாது."

"ஐயா, உது பேசி முடிச்ச விலை."

"ஆரோடை பேசினனீர்? என்னோடை பேசேல்லை. பத்து."

கிளாக்கர் சிரித்தார். கனகரத்தினமும் சிரித்தார். கஜானன் சிரித்திருக்கலாம், ஆனால் அவனும் வியாபாரி. எதிரே ஒருவர் விலை சொன்ன பிறகு சும்மா இருக்க அவனுக்கு வராது.

"எட்டேகால் போடுறன் ஐயா."

"சாமானைப் பாத்தனீரோ?"

"பாத்தன். நல்ல செம்மண்தான்."

"பாத்தாப் பிறகும் வந்து இருக்கிறீரெண்டா உமக்கு அது வேணும். வேண்டாமெண்டவனோடைதான் நான் விலை குறைச்சுக் கதைக்கவேணும். உம்மோடை ஏன் குறைப்பான்? ஒன்பதரை."

"எட்டரை. ஐயாவுக்காக."

"எனக்காக ஒண்டும் செய்யாதையும். நான் நல்லாய் இருக்கிறன். ஒன்பது. இல்லாட்டித் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போம்."

கஜானன் இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றிலும் உதவி வரவில்லை. "சரி, ஒன்பது," என்றான்.

ஐந்து இலட்சம் கூட வந்துவிட்டது. கணக்கு ரீச்சருக்குக் கணக்குத் தானாக ஓடியது: உதயகலாவின் பத்து மாதம். கனகரத்தினம் பேனையைத் திறந்தார்.

"ரீச்சர், நீங்கள் சும்மா பயப்பிடுத்தினியள். ஆள் என்னைவிடத் தெளிவு."

நவமணி ஐசாக்கின் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை கதிரையின் பக்கத்தில், காற்றில், எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கடை மேசையின் லாச்சி, காசு போடுகிற இழுப்பறை. பேரம் முடிந்தால் திறப்பது.

"இனிச் சட்டத்துக்கு ஒரு கேள்வி, அண்ணை," என்றார் கனகரத்தினம். "இந்தக் காணி ஆரின்ரை?"

"ஆரின்ரையாயிருந்தாலென்ன. விலை வந்திட்டுதுதானே."

"அப்பிடியில்லை. இது உங்கடை மனிசியின்ரை சீதனம். அவ விக்கிறதுக்கு உங்களுக்குச் சம்மதமோ?"

நவமணியின் உதடு தன்பாட்டில் அசைந்தது. ஐசாக் கண்ணைச் சுருக்கி யோசித்தார்.

"மனிசியைக் கேக்கவேணும்," என்றார்.

"அவதானே அண்ணை விக்கிறா."

"மனிசியைக் கேக்காமல் நான் ஒண்டும் விக்கிறேல்லை, தம்பி. அவ ரீச்சர். கணக்குப் பாக்கிறவ. பின்னேரம் வீட்டை போய் அவவைக் கேட்டுப்போட்டு நாளைக்குச் சொல்லுறன்." பிறகு நவமணியை நிமிர்ந்து பார்த்தார். "இந்த அம்மா கனநேரமாய் நிக்கிறா. ஆரும் ஒரு கதிரை குடுங்கோவன். உங்களுக்கு என்ன வேணும் பிள்ளை?"

ஒருவரும் சிரிக்கவில்லை. கிளாக்கர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். நவமணி அதில் இருந்தாள். கால் நோகிறது என்பது இருந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் வாய் திறந்தவன் கஜானன். "ஐயா கையெழுத்து வைப்பார்தானே. பேனையைக் குடுத்துப் பாருங்கோவன்." கனகரத்தினம் மறிப்பதற்குள் ஒரு வெறுங்கடதாசியையும் பேனையையும் ஐசாக்கின் மடியில் வைத்தான். ஐசாக் யோசிக்கவேயில்லை. நாற்பது வருஷம் செக்கில் வைத்த கையெழுத்து, கீழே இரண்டு கோடும் ஒரு புள்ளியும் உட்பட, அச்சுப் போல விழுந்தது.

"பாருங்கோ. இதுக்கு மேலை என்ன வேணும்?"

"'வாசித்து விளங்கப்படுத்தினேன், விளங்கிக்கொண்டார்' எண்டு கீழை ஒரு வரி கிடக்கு, தம்பி," என்றார் கனகரத்தினம். "அதுக்குக் கையெழுத்து வைக்கிறது அவரில்லை, நான். நாளைக்கு ஜொய்சியின்ரை புருஷன் ஒரு பிரக்கிராசியைப் பிடிச்சு வழக்குப் போட்டா, சாட்சிக் கூட்டிலை ஏறி நிக்கிறதும் நான்." சொன்னாரே தவிர பேனையை மூடவில்லை. கட்டணம் பாதி வாங்கியாயிற்று. மற்றப் பாதியும் அந்த மனுஷருக்கு வேண்டியதுதான். மெல்ல நவமணியின் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ ரீச்சர். இவ்வளவு காலமும் கூட இருந்தனீங்கள். அவருக்கு விளங்கினதோ, இல்லையோ?"

ஓம் என்று ஒரு சொல். நாற்பத்தைந்து இலட்சம். எண்பதாயிரம் படி உதயகலா நாலரை வருஷம் நிற்பாள். அதுவே கையைக் கடிக்காமல் ஐசாக்கின் காலத்துக்குக் காணும். நவமணி அந்தச் சொல்லை வாய்வரைக்கும் கொண்டுவந்தாள். மனிசியைக் கேட்காமல் விற்கமாட்டேன் என்று இப்போதுதான் ஒருவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார். விளங்காததை விளங்கியது என்று அந்த மனிசி சொல்லமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"அவர் சொன்னது உங்களுக்குக் கேட்டதுதானே," என்றாள்.

"கேட்டது."

"பிறகேன் என்னைக் கேக்கிறியள்."

கனகரத்தினம் பேனையை மூடினார். நீதிமன்றத்தில் விண்ணப்பம் போடலாம், புருஷனுக்குப் பதிலாக நீதிமன்றம் சம்மதம் தரும், டொக்டரின் கடிதம், தவணை, தவணைமேல் தவணை, எப்படியும் ஒன்றரை வருஷம் என்று விளங்கப்படுத்தினார். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. குசினி வாசலில் நின்ற உதயகலா சத்தமில்லாமல் உள்ளே போனாள்.

"அப்ப என்ரை காணியை வைச்சு நான் என்னதான் செய்யலாம்?" என்று நவமணி கேட்டாள். குரலில் கோபம் இருந்திருக்கவேண்டும். அதற்கும் களைப்பாக இருந்தது.

"விக்கேலாது. ஈடு வைக்கேலாது. நன்கொடை எழுதேலாது. எல்லாத்துக்கும் அவரின்ரை எழுத்து வேணும்."

"செத்தா?"

"செத்தாப் பிறகு ஆருக்குப் போறதெண்டது உங்கடை இஷ்டம். மரணசாதனம் எழுத ஒருதற்றை சம்மதமும் தேவையில்லை, ரீச்சர். இப்பவே எழுதலாம்."

உயிரோடு இருக்கிறவளுக்குப் புருஷனின் கையெழுத்து வேண்டும், செத்தவளுக்கு வேண்டாம். இதை யோசித்து எழுதினவர் கட்டாயம் ஒரு புருஷனாகத்தான் இருப்பார் என்று நவமணி நினைத்தாள். பிறகு எழும்பிக் குசினிக்குப் போனாள்.

உதயகலா பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

"உதயா, கேட்டனியோ?"

"கேட்டன் அன்ரி. நான் ஒண்டும் சொல்லேல்லை."

"அந்தக் காணி உனக்கு வேணுமோ?"

பயத்தங்காய் முறிவது நின்றது. "விளையாடாதையுங்கோ."

"விளையாட எனக்குச் சீவன் இல்லை. ஐம்பதுக்கு மேலை மாசம் ஒரு சதமும் என்னாலை தரேலாது. காணியை எழுதித் தரலாம். இப்ப இல்லை, நான் செத்தாப் பிறகு. அதுமட்டும் நீ நிக்கவேணும். அவரை நீ பாக்கவேணும்."

உதயகலா சுளகைத் தள்ளி வைத்துவிட்டுச் சேலை நுனியில் கையைத் துடைத்தாள். விலை பேசுகிறவள் முதலில் கையைத் துடைப்பாள் என்பது நவமணிக்குச் சந்தையில் கண்ட பழக்கம்.

"மரணசாதனத்தை நீங்கள் நாளைக்கே கிழிக்கலாம் அன்ரி. எங்கடை மாமி மூண்டு தரம் எழுதினவ. ஒவ்வொருதரமும் மீன்குழம்பு ஆர் நல்லாய் வைக்கினமோ அவையின்ரை பேருக்கு."

"கிழிச்சு வேறை எழுதிறதெண்டா திரும்பவும் நொத்தாரிசைக் கூப்பிடவேணும், சாட்சிக்கு ரெண்டு பேரைப் பிடிக்கவேணும், வந்தவைக்குத் தேத்தண்ணி ஊத்தவேணும். என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு. உதெல்லாம் நான் இன்னொருக்கால் செய்வனோ?"

உதயகலா பார்த்தாள். அந்த முகத்தில் வேறு எந்த உத்தரவாதமும் இல்லை. களைப்பு மட்டும் தாராளமாக இருந்தது. அது அவளுக்கு ஓரளவு நம்பிக்கையாகத்தான் பட்டது.

"உங்கடை அம்மா எத்தினை வயசிலை..."

"தொண்ணூற்றிரண்டு."

"ஐயோ," என்றாள் உதயகலா, மெதுவாக. "பதினெட்டு வருசம்."

"நான் அவ்வளவு இருக்கமாட்டன்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம் அன்ரி. உங்களுக்குச் சீனி வருத்தமும் இல்லை, பிறசறும் இல்லை." அவளிடம் குறைபட ஒரு நியாயம் இருந்தது. "பிறகு உங்களையும் நான்தானே பாக்கவேணும். அது ரெண்டு பேர். ஞாயிறோடை சனியும் ஒண்டைவிட்ட ஒண்டு லீவு வேணும். அண்டைக்கு ஆரையும் சம்பளத்துக்குப் பிடியுங்கோ. என்ரை பெட்டை கம்பஸுக்கு எடுபட்டா இஞ்சை நிண்டு போவாள்."

"வீடு ஜொய்சியின்ரை."

"உங்கடை சீவிய உருத்துக்குள்ளை ஒரு அறை இருக்கும்தானே."

இரண்டரை வருஷமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று இவள் என்னென்ன கேட்டிருக்கிறாள் என்று நவமணிக்கு அப்போதுதான் விளங்கியது. "இருக்கு," என்றாள். "மாதத்திலை ஒரு சனி. ரெண்டு தரேலாது."

"சரி, ஒண்டு. ஆனா அன்ரி முந்திப் போய் அங்கிள் இருந்தா?"

அதைக் கனகரத்தினத்திடம் கேட்டார்கள். அவர் இப்போது உற்சாகமாகிவிட்டார்; மற்றப் பாதிக் கட்டணம் வேறு கதவால் வருகிறது. காணி நேரே உதயகலாவின் கைக்குப் போகாது. நவமணிக்குப் பிறகு ஐசாக் இருந்தால், தேவாலயத்துப் பேதுரு போதகர் அதை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்பார். அதில் வருகிற குத்தகை மருந்துக்கும் உதயகலாவின் சம்பளத்துக்கும் போகும். ஐசாக்கைக் கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்த்தால் காணி அவளுக்கு, விட்டுப்போனால் தேவாலயத்துக்கு. கிளாக்கர் எழுத எழுத உதயகலா ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். 'விட்டுப்போனால்' என்ற இடத்தில், "காய்ச்சல் கீய்ச்சல் வந்து ரெண்டு நாள் படுத்தா அது விட்டுப்போறதில்லையெண்டு போடுங்கோ," என்றாள். போட்டார்கள்.

கையெழுத்து நேரம் அவளை வெளியே போகச் சொன்னார்கள். கிடைக்கப்போகிறவள் சாட்சியாக நிற்கக்கூடாது. ஒரு சாட்சி கிளாக்கர். இன்னொருவருக்கு எங்கே போவது? எல்லாரும் இன்னும் போகாமல் இருந்த கஜானனைப் பார்த்தார்கள்.

"நான் வாங்க வந்த காணிக்கு என்னையே சாட்சி வைக்கிறியளோ?" என்றான் கஜானன். ஆனால் பெட்ரோல் காசு செலவழித்து வந்தவன், வெறுங்கையோடு போவதைவிட ஒரு கையெழுத்தாவது போட்டுவிட்டுப் போகலாம் என்று ஒத்துக்கொண்டான். எல்லாம் முடிந்து போகும்போது குசினிப் பக்கம் சுற்றிப் போய் உதயகலாவின் நம்பரைக் கேட்டு வாங்கினான். அவள் பரப்புக்குப் பத்து என்று சொன்னது விறாந்தைவரை கேட்டது.

"ரீச்சர், எழுதினதெல்லாம் விளங்கினதுதானே? உங்கடை சொந்த விருப்பத்திலைதானே?" என்று கையெழுத்துக்கு முன் கனகரத்தினம் முறைப்படி கேட்டார்.

"விளங்கினது," என்றாள் நவமணி. யாரையும் திரும்பிப் பார்க்காமல் கையெழுத்து வைத்தாள். ஐசாக் துவாய்க் கட்டில் தலையைச் சரித்து நித்திரையாகியிருந்தார்.

வாகனம் போன பிறகு உதயகலா முற்றத்தில் நின்று திருநெல்வேலிக்குப் போன் எடுத்தாள். தனக்கு நாரி வருத்தம் என்றும், டொக்டர் இனிமேல் ஒருவரையும் தூக்கக்கூடாதென்று சொல்லிவிட்டார் என்றும் அந்த மாடிவீட்டுக்காரருக்கு மிகுந்த கவலையோடு சொன்னாள். பிறகு உள்ளே வந்து, துவாயை அவிழ்த்து, எழுபத்தெட்டுக் கிலோவையும் தோளில் சாய்த்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினாள்.

"ஜொய்சி அக்காவுக்கு என்ன சொல்லுவியள்?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"நான் ஏன் சொல்லவேணும்? நான் செத்தாப் பிறகு கனகரத்தினம் சொல்லட்டும். அதுக்கும் சேத்துத்தானே காசு வாங்கினவர்."

"நொத்தாரிசு உங்களுக்கு முந்திச் செத்தா?"

"அதையும் நானே யோசிக்கவேணுமோ, உதயா," என்றாள் நவமணி. ஐசாக்கின் கட்டில் ஓரத்தில், அவருடைய காலுக்குப் பக்கத்தில் கிடந்த இடத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளும் சரிந்தாள்.